கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் பேரை எங்க போடறது, எப்டி போடறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியூசிக்பிரெயின்ஸ்ல தமிழ்ப் பாட்டு சேர்க்க வர்றவங்க திரும்பத் திரும்ப மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்கு, கெஸ்ட்டா வந்து பாடினவரு, வாசிச்சவரு, ராப் பண்ணவரு பேரை எந்தப் பெட்டில போடறதுங்கறது தான். மியூசிக்பிரெயின்ஸ் தெரியாதவங்களுக்கு: யாரு வேணா சேர்க்கலாம் யாரு வேணா திருத்தலாம்னு இருக்கற இசை டேட்டாபேஸ், மெட்டாபிரெயின்ஸ்னு லாபநோக்கு இல்லாத ஒரு ஃபவுண்டேஷன் நடத்துது, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்டுக்கு தானா பேர் போட்டுத் தர்ற பிக்கார்ட்ங்கற சாஃப்ட்வேருக்கு தகவல் அங்கேருந்து தான் வருது. அதனால அங்க ஒருத்தர் தப்பா அடிச்சா அது ஊர்ல இருக்கற எல்லார் ஹார்ட்டிஸ்குக்கும் போயிடும்.

ஃபீட். பேரை பாட்டு டைட்டில்ல போடணுமா ஆர்ட்டிஸ்ட்லயா?

ஆர்ட்டிஸ்ட்ல. டைட்டில்ல வேணாம். (ஃபீட்.ங்கறது "ஃபீச்சரிங்"கோட சுருக்கம், கெஸ்ட் பேருக்கு முன்னாடி போடற சொல்.)

டைட்டில்ல போடற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னா, பழைய மியூசிக்பிரெயின்ஸ்ல ஒரு ட்ராக்குக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் தான் போட முடியும், ரெண்டு பேர்னா வழியே கிடையாது, அதனால விருந்தாளி பேரை பாட்டுப் பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள தள்ளிட்டு இருந்தாங்க. 2011 மே மாசம் டேட்டாபேஸ் அடித்தளத்தையே மாத்திக் கட்டினப்போ தான் "ஆர்ட்டிஸ்ட் கிரெடிட்"னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கப்புறம் எத்தனை பேரை வேணா சேர்க்கலாம். ஆனா ஆப்பிள் மியூசிக் மாதிரி கடைங்கள்ல இன்னைக்கும் பாட்டுப் பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறில தான் ஃபீட். வரும், அது அவங்க விதி, அங்கேருந்து காப்பி பண்ணி ஒட்டறவங்க அதையும் சேர்த்து ஒட்டிடறாங்க. ரிலீஸ் எடிட்டர்ல (ஒரு ஆல்பத்தோட, சிடியோட விவரத்தை அடிக்கற பக்கம்) ஃபீட். பேரை தானா பிரிச்சு ஆர்ட்டிஸ்ட் பக்கம் தள்ளறதுக்கு ஒரு பட்டனே இருக்கு, தேடிப் பாருங்க. பிரிச்சதுக்கப்புறம் ஒவ்வொரு பேரும் சரியான ஆளோட லிங்க் ஆச்சான்னு நீங்க தான் பார்க்கணும், அதை பட்டன் பார்க்காது.

ஒரு இடத்துல மட்டும் டைட்டில்ல விட்டுடலாம்: ரீமிக்ஸ் பண்ணவர் தன் ரீமிக்ஸுக்கு கெஸ்ட் கூட்டிட்டு வந்து, அந்த ரீமிக்ஸோட பேரே "இன்னார் ரீமிக்ஸ் ஃபீட். இன்னார்"னு இருந்தா. அங்க அது வெர்ஷன் பேரோட ஒரு பகுதி, பிடுங்கினா எந்த ரீமிக்ஸ்னே தெரியாம போயிடும்.

ஆர்ட்டிஸ்ட் கிரெடிட்ல ஜாயின் ஃப்ரேஸ்னு ஒரு பெட்டி இருக்கே, அது எதுக்கு?

ஒவ்வொரு ஆளுக்கும் மூணு பெட்டி இருக்கும். முதல்ல யாருன்னு லிங்க் (உள்ள இது ஒரு 36 எழுத்து அடையாள எண்), அடுத்தது அவர் பேர் கவர்ல எப்டி அச்சாயிருக்குங்கறது, மூணாவது இவருக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல என்ன எழுதியிருக்குங்கறது. அந்த மூணாவது தான் ஜாயின் ஃப்ரேஸ்.

ஸ்லம்டாக் மில்லியனர் "ஜெய் ஹோ" பாட்டை 2009ல இங்கிலீஷ்ல மறுபடி பண்ணி வெளியிட்டாங்க ஞாபகம் இருக்கா, அதுல ஏ.ஆர்.ரஹ்மான் & தி புஸ்ஸிகேட் டால்ஸ் ஃபீச்சரிங் நிக்கோல் ஷெர்ஸிங்கர்னு போட்டிருந்தாங்க. மூணு ஆர்ட்டிஸ்ட், ரஹ்மானுக்கு அப்புறம் ஜாயின் ஃப்ரேஸ் " & ", டால்ஸுக்கு அப்புறம் " ஃபீட். ", கடைசில ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட மறக்காதீங்க, இல்லேன்னா எல்லாப் பேரும் ஒட்டிக்கிட்டு ரயில் பெட்டி மாதிரி வரும்.

அதே பாட்டுல இன்னொரு வேடிக்கை, நிக்கோல் அந்த குரூப்போட மெயின் பாடகி, தன் சொந்த குரூப் பாட்டுக்கே கெஸ்ட்டா வர்றாங்க! "குரூப்ல இருக்கறவங்க எப்டி கெஸ்ட் ஆவாங்க"ன்னு லாஜிக் பேசி அந்தப் பேரை நீக்கக் கூடாது. அச்சுல இருக்கு, அப்டியே போடுங்க. யாரு உண்மையான கெஸ்ட்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்ல.

எஃப்டி., ஃபீச்சரிங், ஃபீட்., வித்... கவர்ல ஒவ்வொண்ணுல ஒவ்வொரு மாதிரி இருக்கே?

ஃபீச்சரிங்கோட எல்லா சுருக்கத்தையும் "feat."ங்கற ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துடுங்க, சின்ன எழுத்துல, கடைசில புள்ளியோட. அச்சுல இருக்கற மாதிரியே போடுங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டு இதை மட்டும் ஏன் மாத்தறோம்னு கேக்கறீங்க, நியாயம் தான், ஆனா இது ஆள் பேர் இல்ல, வெறும் ஒட்டு. அந்த ஒட்டை எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா தேடறதுக்கும் வரிசைப்படுத்தறதுக்கும் வசதி. ஆனா "வித்", "வெர்சஸ்", "பிரசண்ட்ஸ்" இதெல்லாம் வேற அர்த்தம், அதையும் ஃபீட்.னு மாத்திடாதீங்க.

&, கமா, ஃபீட். – எது எப்போன்னு எப்டி முடிவு பண்றது?

நீங்க முடிவு பண்ணாதீங்க, கவரைப் பாருங்க. 1981ல வந்த "அண்டர் பிரஷர்" குயீன் & டேவிட் போவி, ரெண்டு பேரும் சமம், அங்க போவியை ஃபீட்.னு போட்டா அவரைக் கீழ இறக்கின மாதிரி ஆயிடும். ரஹ்மானும் எம்.ஐ.ஏ.வும் பண்ண "ஓ... சாயா"வும் அதே கதை தான், & தான். 1999ல வந்த "ஸ்மூத்" சான்டானா ஃபீட். ராப் தாமஸ், பாட்டு முழுக்கப் பாடறது ராப் தாமஸ் தான், இருந்தாலும் பாட்டு சான்டானா பேர்ல தான் வந்துச்சு. அதாவது யாரு எவ்ளோ நேரம் பாடறாங்கன்னு ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்து ஃபீட். போடறது இல்ல, யார் பேர்ல பாட்டு வெளியாச்சுங்கறது தான் கணக்கு.

நம்ம டூயட் பாட்டுக்கு ஃபீட். வரவே வராது. எஸ்.பி.பி., ஜானகின்னு கேசட் அட்டைல கமா போட்டிருந்தா கமா, & போட்டிருந்தா &. வரிசையும் அட்டைல இருக்கற வரிசை. பாடகி பேர் முதல்ல இருந்தா முதல்ல தான் போடணும், பழக்கதோஷத்துல ஆம்பள பேரை முன்னாடி இழுக்கறவங்க நெறைய பேரைப் பார்த்திருக்கேன்.

கவர்ல பேரே இல்ல, ஆனா அவர் தான் வாசிச்சாருன்னு உலகத்துக்கே தெரியும். ஃபீட். போடலாமா?

கூடாது. இந்தக் கேள்விய ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாமே புரிஞ்சுடும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

எரிக் கிளாப்டனை எடுத்துக்குங்க. 1968ல பீட்டில்ஸ் வெளியிட்ட "வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்" பாட்டுல அந்த அழற கிட்டார் அவர் வாசிச்சது தான், ஜார்ஜ் ஹாரிசன் நண்பரைக் கூட்டிட்டு வந்து வாசிக்க வச்சாரு. ஆல்பத்துல கிளாப்டன் பேர் எங்கயும் கிடையாது. அப்புறம் 1999ல சான்டானாவோட "சூப்பர்நேச்சுரல்" ஆல்பத்துல "தி காலிங்"னு ஒரு பாட்டு, அதுலயும் இதே கிளாப்டன் இதே மாதிரி கிட்டார் தான், ஆனா அங்க ஃபீச்சரிங் எரிக் கிளாப்டன்னு தெளிவா போட்டிருக்கு.

ஒரே ஆள், ஒரே வாத்தியம், ரெண்டு இடத்துலயும் விருந்தாளி தான். ஆனா டேட்டாபேஸ்ல ரெண்டும் வேற வேற மாதிரி ஏறும். பீட்டில்ஸ் பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் கிரெடிட் வெறும் பீட்டில்ஸ், கிளாப்டன் பேர் ரிலேஷன்ஷிப்ல போகும்: ரெக்கார்டிங்ல (அந்த ஒலிப்பதிவுக்கான பக்கம்) "கிட்டார்"னு ரிலேஷன் சேர்த்து, பக்கத்துல "கெஸ்ட்"னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுடுங்க. சான்டானா பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் கிரெடிட்லயும் ஃபீட். வரும், ரிலேஷன்ஷிப்லயும் கிட்டார் வரும்.

ஏன் ரெண்டு இடம்னா, ஆர்ட்டிஸ்ட் கிரெடிட் சொல்றது பாட்டு எந்தப் பேரோட கடைக்கு வந்துச்சுங்கறதை, ரிலேஷன்ஷிப் சொல்றது ஸ்டூடியோவுல யாரு என்ன பண்ணாங்கங்கறதை. ரெண்டையும் ஒரே பெட்டில அடைச்சா ரெண்டுமே பொய் ஆயிடும். "நம்ம ஆளுக்கு கிரெடிட் கிடைக்கணும்"ங்கற நல்ல மனசுல தான் நெறைய பேர் ஃபீட். சேர்க்கறாங்க, ஆனா ரிலேஷன்ஷிப்ல போட்டாலே அந்த ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல அந்தப் பாட்டு வந்துடும், அவர் வாசிச்ச எல்லாத்தையும் வாத்தியம் வாரியா பார்க்கலாம், ஃபீட்.ல போடறதை விட அது தான் அவருக்குப் பெரிய மரியாதை.

வேற பேர்ல வாசிச்சிருந்தா?

கிளாப்டன் கதையோட மறுபாதியே இதுக்கு உதாரணம். 1969ல கிளாப்டன் இருந்த க்ரீம் பேண்டோட "பேட்ஜ்"னு ஒரு பாட்டு, அதுல ஹாரிசன் போய் ரிதம் கிட்டார் வாசிச்சாரு, அவருக்கு வேற கம்பெனியோட ஒப்பந்தம் இருந்ததால சொந்தப் பேர் போடல, கவர்ல "லாஞ்செலோ மிஸ்டீரியோஸோ"ன்னு ஒரு இத்தாலியப் பேர். ரிலேஷன்ஷிப்ல லிங்க் ஜார்ஜ் ஹாரிசனுக்கு, "எந்தப் பேர்ல"ங்கற பெட்டில அந்த இத்தாலியப் பேர். புதுசா ஒரு ஆர்ட்டிஸ்ட் உருவாக்காதீங்க. தமிழ்ல வேற வேற பேர்ல பாடினவங்களுக்கும் இதே தான்.

பேருக்குள்ளயே & இல்லேன்னா கமா இருந்தா பிரிக்கணுமா?

சாமி, பிரிக்காதீங்க. "எர்த், விண்ட் & ஃபயர்" மூணு ஆர்ட்டிஸ்ட் இல்ல. "டைலர், தி கிரியேட்டர்" ஒரே ஒரு ஆள். மேல சொன்ன சான்டானா ஆல்பத்துலயே ஒரு கெஸ்ட் பேர் "தி ப்ராடக்ட் ஜி&பி". தானா பிரிக்கற ஸ்கிரிப்ட் எழுதறவங்க முதல்ல தடுக்கி விழறது இங்க தான்.

நம்ம பக்கம் விஸ்வநாதன்–ராமமூர்த்தி, சங்கர்–கணேஷ், இந்தில ஷங்கர்–எஹ்சான்–லாய், எல்லாம் ஒரு பேர்ல இயங்கின அணி. அவங்களை ஒரு குரூப்பா வச்சு, ஆளுங்களை குரூப் உறுப்பினர்னு ரிலேஷன் போட்டு இணைக்கணும். எம்.எஸ்.வி.யும் ராமமூர்த்தியும் 1965ல பிரிஞ்சாங்க, அதுக்கு அப்புறம் வந்த எம்.எஸ்.வி. படங்களை அணி கணக்குல சேர்த்துடாதீங்க, அது அடிக்கடி நடக்குது. மலேசியாவுலேருந்து "யோகி பி & நட்சத்ரா"ன்னு வந்தாங்க இல்லையா, 2006ல "வல்லவன்" ஆல்பம், அதுவும் ஒரே குரூப் பேர் தான், யோகி பி தனி ஆர்ட்டிஸ்ட், நட்சத்ரா அவருக்கு விருந்தாளின்னு நெனச்சு உடைச்சுடாதீங்க.

ஒரே ஆள் பேரை பத்து ஸ்பெல்லிங்ல எழுதியிருக்காங்க. எது சரி?

இளையராஜா பேர் இங்கிலீஷ்ல எத்தனை விதமா வந்திருக்குன்னு ஒரு பெட்டி கேசட் எடுத்துப் பார்த்தாலே தெரியும், ஐ ஒண்ணு எல் ரெண்டுன்னு ஒரு அட்டை, ஏ ரெண்டுன்னு ஒரு அட்டை. சித்ரா பேர்ல எச் இருக்கும், இருக்காது. எஸ்.பி.பி. முழுப்பேரைப் பத்தி பேசவே வேணாம். லிங்க் எப்பவும் ஒரே ஆளுக்கு, அச்சான பேர் மட்டும் அந்தந்த ரிலீஸுக்கு ஏத்த மாதிரி. அச்சுப்பிழைன்னு பார்த்த உடனே தெரிஞ்சா திருத்திடலாம், ஆனா அந்தக் காலத்துல அப்டித் தான் எழுதினாங்கன்னா விட்டுடுங்க. 1997ல "ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ" பாட்டு வந்தப்போ பேர் "பஃப் டாடி" தான், அதுக்கப்புறம் அவர் எத்தனை தடவை பேர் மாத்திக்கிட்டாலும் அந்த சிடில அச்சானது மாறப் போறது இல்ல.

தேடறவங்களுக்காக எல்லா ஸ்பெல்லிங்கையும் ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல ஏலியாஸா, அதாவது மாற்றுப் பேரா சேர்த்துடுங்க. அதுல தமிழ் எழுத்துல ஒண்ணு போட்டு மொழி "தமிழ்"னு குறிச்சு, அது தான் முதன்மைன்னு டிக் பண்ணிட்டா பெரிய பலன் இருக்கு, பிக்கார்ட்ல ஆர்ட்டிஸ்ட் பேரை நம்ம மொழில காட்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அது இந்த ஏலியாஸைத் தான் எடுக்கும். இந்த வேலைய ரொம்ப கம்மி பேர் தான் செய்யறாங்க.

இன்னொண்ணு, ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. கார்த்திக்னா பாடகரும் இருக்காரு நடிகரும் இருக்காரு. எம்.ஐ.ஏ.ங்கற பேர்ல 80கள்ல அமெரிக்காவுல ஒரு பங்க் பேண்டே இருந்துச்சு. தேடல்ல முதல்ல வர்றதை கிளிக் பண்ணிட்டுப் போகாம பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கற குறிப்பைப் படிங்க.

சினிமா பாட்டுல மெயின் ஆர்ட்டிஸ்ட் யாரு? இசையமைப்பாளர் மெயின், பாடினவங்க கெஸ்ட்டா?

இதுல தான் சண்டையே. மேல்நாட்டு டேட்டாபேஸ் எல்லாமே "ஒரு பாடகர் இல்லேன்னா ஒரு பேண்ட், அவங்க ஆல்பம், நடுவுல ரெண்டு கெஸ்ட்"ங்கற நெனப்புல கட்டினது. நம்ம சினிமா ஆல்பம் அப்டி இல்ல, ஆல்பம் ராஜா சார் பேர்ல தெரியும், ஒவ்வொரு பாட்டும் பாடினவங்க பேர்ல தெரியும், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விருந்தாளி கிடையாது. பின்னணி பாடகர் வேலைக்கு வந்தவர், வீட்டுக்கு வந்த விருந்தாளி இல்ல. அதனால "இளையராஜா ஃபீட். எஸ்.ஜானகி"ன்னு பார்த்தா எனக்கு கை தானா எடிட் பட்டனுக்குப் போகும்.

நான் பண்றது: ஆல்பம் லெவல்ல இசையமைப்பாளர் பேர், ட்ராக் லெவல்ல அட்டைல "பாடியவர்கள்"னு கீழ இருக்கற பேருங்க அதே வரிசைல. இசையமைப்பாளர்ங்கறது "வொர்க்"ல (ஒலிப்பதிவு இல்ல, மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கான பக்கம்) கம்போசர் ரிலேஷன்ல போகும், பாடலாசிரியரும் அங்கயே.

டிஜிட்டல் கடைங்கள்ல வேற கூத்து. அங்க லேபிள்காரங்க (பாட்டை வெளியிடற கம்பெனி) தகவல் அனுப்பறப்போ ஒவ்வொரு ஆளுக்கும் மெயின் ஆர்ட்டிஸ்ட், ஃபீச்சர்ட் ஆர்ட்டிஸ்ட்னு ஒரு ரோல் குறிச்சு அனுப்பணும், நம்ம லேபிள்கள்ல பல பேர் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாரையும் மெயின்ல கொட்டிடறாங்க. கண்ணதாசன் பாடினாருன்னு நெனக்கற அளவுக்கு ஆயிடுது! பாடலாசிரியர் பேரை ட்ராக் ஆர்ட்டிஸ்ட்லேருந்து எடுத்து வொர்க்ல போடுங்க. தனுஷ் மாதிரி அவரே எழுதி அவரே பாடினா (2011 கொலவெறி) ரெண்டு இடத்துலயும் வருவாரு, அது வேற.

"குழுவினர்"னு போட்டிருந்தா?

"மலேசியா வாசுதேவன், எஸ்.ஜானகி & குழுவினர்"னு வரும். குழுவினருக்கு லிங்க் பண்ண ஆள் இல்ல, அதனால கடைசி ஆளோட ஜாயின் ஃப்ரேஸ் பெட்டில " & குழுவினர்"னு அடிச்சுடுங்க, கடைசி ஜாயின் ஃப்ரேஸுக்கு அப்புறம் ஆள் இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. கோரஸ் பாடினவங்க பேர் நிச்சயமா தெரிஞ்சா ரிலேஷன்ஷிப்ல பேக்கிரவுண்ட் வோக்கல்னு ஒவ்வொருத்தரா சேருங்க. நம்ம சினிமாவுல கோரஸ் பாடினவங்க பேர் பல சமயம் அச்சாகறதே இல்ல, அதனால தெரிஞ்சவங்க சேர்த்தா பெரிய உபகாரம், ஆனா யூகத்துல சேர்க்காதீங்க.

பாட்டு நடுவுல ராப் வருது, அந்த ராப்பரை ஃபீட். போடலாமா?

சினிமா பாட்டுன்னா அவரும் பாடினவர்கள்ல ஒருத்தர், வரிசைல வருவாரு. தனிப்பாட்டுன்னா வெளியீட்டுல என்ன இருக்கோ அது.

2021ல வந்த "என்ஜாய் எஞ்சாமி" வெளியானப்போ "தீ ஃபீட். அறிவு". வரி எழுதினதும் அறிவு, பாட்டுல பாதிக்கு மேல நிக்கற குரலும் அவருது, அப்டி இருக்க ஃபீட்.னு பின்னாடி தள்ளறது நியாயமான்னு நெறைய பேர் கேட்டாங்க. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனா டேட்டாபேஸ்ல அதை & ஆக்கினா நடந்ததை மறைச்ச மாதிரி தான் ஆகும், நாளைக்கு யாராவது இந்தப் பாட்டு எப்டி வெளியாச்சுன்னு பார்க்க வந்தா அந்தத் தடயமே இருக்காது. கிரெடிட்ல ஃபீட். அப்டியே இருக்கட்டும், வொர்க்ல பாடலாசிரியர் அறிவு, ரெக்கார்டிங்ல வோக்கல் அறிவுன்னு ரெண்டு ரிலேஷனும் தவறாம ஏறட்டும். அவர் பங்கு எவ்ளோன்னு அந்த ரெண்டு வரி சொல்லிடும்.

கர்நாடக கச்சேரில வயலின், மிருதங்கம் வாசிச்சவங்க கெஸ்ட்டா?

இல்ல, பக்கவாத்தியம். பாடினவர் பேர் ஆர்ட்டிஸ்ட், மத்தவங்க வாத்தியம் குறிச்சு ரிலேஷன்ஷிப். அட்டைல முன்பக்கமே ரெண்டு பேர் பேரும் சம அளவுல இருந்தா (ஜுகல்பந்தி மாதிரி) ரெண்டு பேரும் ஆர்ட்டிஸ்ட். தியாகராஜர், தீட்சிதர் எல்லாம் வொர்க்ல கம்போசர். மேற்கத்திய கிளாசிக்கலுக்கு மியூசிக்பிரெயின்ஸ்ல தனி விதி இருக்கு, அங்க ட்ராக் ஆர்ட்டிஸ்டா இசை எழுதினவர் பேரையே போடுவாங்க, வாசிச்சவங்க ரெக்கார்டிங்ல வருவாங்க. அந்த விதிய கீர்த்தனைக்குக் கொண்டு வந்து தியாகராஜரை ட்ராக் ஆர்ட்டிஸ்ட் ஆக்கறவங்க இருக்காங்க. எனக்கு உடன்பாடு இல்ல, நம்ம ஊர் கேசட்டுல பாடினவர் பேர் தான் பெருசா இருக்கும்.

பழைய பாட்டை சாம்பிள் பண்ணிருந்தா பழைய பாடகருக்கு ஃபீட். உண்டா?

யோகி பி & நட்சத்ராவோட "மடை திறந்து" 1980 நிழல்கள் படப் பாட்டை அடிப்படையா வச்சு பண்ணது. அதுக்காக எஸ்.பி.பி. அதுல கெஸ்ட் ஆயிட மாட்டாரு. பழைய ஒலிப்பதிவையே எடுத்துப் போட்டிருந்தா ரெண்டு ரெக்கார்டிங்கையும் "சாம்பிள்" ரிலேஷன்ல இணைங்க. மெட்டை மட்டும் எடுத்து புதுசா பாடியிருந்தா வொர்க் லெவல்ல இணைங்க. கவர்ல ஃபீட்.னு அச்சாயிருந்தா மட்டும் ஃபீட்.

ஏஐ குரல்?

வந்துடுச்சு, அதனால பேசித் தான் ஆகணும். 2024ல லால் சலாம் படத்துல "திமிறி எழுடா" பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏஐ வச்சு ரஹ்மான் உருவாக்கினாரு, குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, அதுக்கான பணமும் குடுத்ததா அவரே சொன்னாரு. கிரெடிட்ல அவங்க பேர் இருந்தா கிரெடிட்ல போடுங்க. ஆனா ரிலேஷன்ஷிப்ல அவங்க "வோக்கல்"னு மொட்டையா போடறதுக்கு முன்னாடி யோசிங்க, அந்த ரிலேஷனுக்கு அர்த்தம் அந்த ஆள் அந்தப் பாட்டைப் பாடினாருங்கறது, இங்க அவங்க பாடல. என் கருத்துப்படி அந்தப் பெட்டிய காலியா விட்டுட்டு, ரெக்கார்டிங்கோட குறிப்புப் பகுதில இது ஏஐ குரல்னு ஒரு வரி எழுதணும். வேற மாதிரி நினைக்கறவங்களும் இருக்காங்க. எப்டி செஞ்சாலும் அந்தக் குறிப்பு வரிய மட்டும் விட்டுடாதீங்க, இருபது வருஷம் கழிச்சு டேட்டாபேஸைப் பார்க்கறவங்க 2024ல அவங்க ஸ்டூடியோவுக்கு வந்தாங்கன்னு நெனச்சுக்கக் கூடாது.

ஆல்பம் லெவல்ல கெஸ்ட் பேர் வருமா?

ஒரு பாட்டுல வந்தவருக்கு அந்தப் பாட்டுல மட்டும். "சூப்பர்நேச்சுரல்"ல பாதிப் பாட்டுக்கு மேல கெஸ்ட் தான், ராப் தாமஸ், டேவ் மேத்யூஸ், எவர்லாஸ்ட், மானா, கிளாப்டன்னு பட்டியல் நீளும், ஆனா ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் சான்டானா மட்டும் தான். ஆளாளுக்கு ஒரு பாட்டு, பொதுவா யாருமே இல்லேன்னா தான் "வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்".

ட்ராக்ல மாத்தினேன், ரெக்கார்டிங்ல மாறலியே?

ரெண்டும் தனித்தனி. ட்ராக்ங்கறது ஒரு குறிப்பிட்ட சிடில அச்சான ஒரு வரி, ரெக்கார்டிங்ங்கறது அந்த ஒலிப்பதிவு. ஒரே ஒலிப்பதிவு ஒரிஜினல் சிடில ஒரு பேரோடயும் அப்புறம் வந்த தொகுப்புல வேற பேரோடயும் வரும், அதனால ட்ராக்ல ரெண்டும் வேற வேறயா இருக்கலாம், ரெக்கார்டிங்ல பரவலா வழங்கற கிரெடிட் ஒண்ணு. ரிலீஸ் எடிட்டர்ல ட்ராக் ஆர்ட்டிஸ்டை ரெக்கார்டிங்குக்கும் காப்பி பண்ணுன்னு ஒரு டிக் இருக்கு. தொகுப்பு சிடிய எடிட் பண்றப்போ அதைக் கண்ணை மூடிட்டு போட்டா ஒரிஜினல் கிரெடிட் அழிஞ்சுடும், பார்த்துக்குங்க.

எல்லாம் சரியா போட்டேன், ஆனா ஃபோன்ல ஒரே ஆல்பம் அஞ்சா உடைஞ்சு நிக்குது!

டேட்டாபேஸ் தப்பில்ல. உங்க ப்ளேயர் "ஆர்ட்டிஸ்ட்" டேகை (ஃபைலுக்குள்ள எழுதியிருக்கற தகவல்) வச்சு ஆல்பத்தைப் பிரிக்குது, ஒவ்வொரு பாட்டுக்கும் கெஸ்ட் வேற வேறங்கறதால ஆல்பம் சிதறுது. ஃபைல்ல "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்"னு தனி டேக் உண்டு, பிக்கார்ட் அதை ஒழுங்கா எழுதும், ப்ளேயர் செட்டிங்ல அதை வச்சு அடுக்கச் சொல்லுங்க. ஃபீட். டைட்டில்ல வந்தா தான் உங்களுக்குப் பிடிக்கும்னா பிக்கார்ட்ல அதுக்கு ஒரு ப்ளக்இன் இருக்கு, உங்க ஃபைல்ல மட்டும் மாத்திக்கும். அதுக்காக டேட்டாபேஸை மாத்தாதீங்க, தயவு செஞ்சு.

எம்பி3ல இன்னொரு பழைய தொல்லை, டேகை ஃபைலுக்குள்ள எழுதற ஐடி3ங்கற முறையோட 2.3 வெர்ஷன்ல பல ஆர்ட்டிஸ்ட்டைப் பிரிக்க சாய்கோடு தான் விதி, அதனால ஏசி/டிசி பேண்டை சில ப்ளேயர் ரெண்டு ஆளாக்கிடும். 2.4ல அதை மாத்திட்டாங்க. ஃப்ளாக்ங்கற இன்னொரு வகை ஆடியோ ஃபைல்ல ஆர்ட்டிஸ்ட் டேகையே பல தடவை எழுதலாம், பிரச்சனையே இல்ல.

டிஸ்காக்ஸ்லயும் இதே விதியா?

டிஸ்காக்ஸ் இன்னொரு இசை டேட்டாபேஸ். அடிப்படை ஒண்ணு தான், சாமான் வேற. அங்க ட்ராக்குக்குக் கீழ கிரெடிட்ல "ஃபீச்சரிங்"னு ஒரு ரோலே இருக்கு, விருந்தாளிய அங்க போடுவாங்க. அச்சுல பேர் வேற மாதிரி இருந்தா அதுக்குத் தனிப் பெட்டி, அப்டி வந்த பேருக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரக்குறி தெரியும். ஒரே பேர்ல ரெண்டு பேர்னா பின்னாடி அடைப்புக்குறில 2, 3ன்னு நம்பர் வரும். அந்த நம்பரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து மியூசிக்பிரெயின்ஸ்ல ஒட்டி வச்சிருக்கற என்ட்ரி கண்ணுல பட்டா உடனே எடுத்துடுங்க.

நான் திருத்தினதை ஒருத்தர் எதிர்த்து வோட்டுப் போட்டுட்டாரு, என்ன பண்றது?

சண்டை போடாதீங்க, ஆதாரம் குடுங்க. வோட்டுக்குப் போற எடிட் 7 நாள் திறந்திருக்கும், யாரும் எதிர்க்கலேன்னா தானா ஏறிடும். எடிட் நோட்ல "எனக்குத் தெரியும்"னு எழுதறதை விட அட்டையோட ஸ்கேனை கவர் ஆர்ட் பகுதில ஏத்திட்டு "பின்பக்கம் மூணாவது வரி பாருங்க"ன்னு எழுதினா, தமிழ் ஒரு எழுத்து தெரியாத ஜெர்மன்காரர் கூட ஆமான்னு வோட்டுப் போட்டுட்டுப் போவாரு. பழைய கேசட் வீட்டுல வச்சிருக்கறவங்க எடிட் பண்ணவே வேணாம், முன்பக்கம் பின்பக்கம் ஸ்கேன் மட்டும் ஏத்துங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்.